மூலம் உண்டு

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. வாழ்நாள் முழுக்க ஊரார் புத்தகங்களைத் திருத்திக் கொடுத்தவர் அவர். ஒன்றிலாவது அவர் பெயர் அச்சானதில்லை. இப்போது நான் மட்டும் எழுதிவைத்தால், "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்பார். மயிலாப்பூரில் நாங்கள் வேலை பார்த்த அச்சாபீஸில் எல்லோருக்கும் அவர் புரூஃபம்மா. அதுவே இங்கேயும் இருக்கட்டும்.

உயரமாக, ஒல்லியாக இருப்பார். மெல்லிய வாயில் துணிப் புடவைதான் கட்டுவார். எந்தப் புடவையாக இருந்தாலும் முந்தானை ஓரத்தில் சிவப்பு மை ஒட்டியிருக்கும். மேற்கு மாம்பலத்தில் ஒற்றை அறை வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை. மயிலாப்பூரில் எங்கள் அச்சாபீஸ், தி. நகரில் ஒன்று, அடையாறில் ஒன்று என்று மூன்று இடத்துக்குப் பிழை திருத்தினார். மூன்றிலும் ஃபாரத்துக்கு இவ்வளவு என்று கூலி. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். ஃபாரம் வந்தால் காசு, வராவிட்டால் இல்லை.

நான் கீழே பைண்டிங்கில் ஃபாரம் மடித்துக்கொண்டிருந்தவள். ஐந்தாவது வரை படித்திருந்தேன். புரூஃபம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து படித்துக் காட்டிய பெண் கல்யாணமாகிப் போய்விட்டதால், எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் என்று என்னை மாடிக்கு அனுப்பினார் முதலாளி. எழுதியவர் கையால் எழுதிக் கொடுத்த தாள்களை நான் உரக்கப் படிக்க வேண்டும். அச்சான தாளை அவர் பார்த்துக்கொண்டு வருவார். கமா வந்தால் கமா என்று சொல்ல வேண்டும், முற்றுப்புள்ளிக்குப் புள்ளி என்று சொல்ல வேண்டும். அந்தக் கையெழுத்துத் தாள்களை மற்ற இடங்களில் காப்பி என்பார்கள். எங்கள் முதலாளி தமிழ்ப் பிடிப்பு உள்ளவர். அவர் மூலம் என்பார். அதனால் நாங்களும் மூலம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

எனக்குக் குரலே வராது. பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, யாராவது இறங்குகிற இடம்வரை போய்த் திரும்பி நடந்திருக்கிறேன். முதல் நாள் நான் படித்ததை ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, நீங்க எனக்குப் படிக்கிறீங்களா, உங்களுக்கே படிச்சிக்கிறீங்களா?"

அவரைவிட நான் இரண்டு வயது பெரியவள். அதனால் அக்கா. கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டார். நான் அவரை அம்மா என்பேன். பிறகு அவர் சொன்னார்: "கண்ணு பாத்ததை வாய் சொல்லணும் அக்கா. இந்த மேசையில அது ஒண்ணுதான் வேலை."

தப்பைப் பார்த்தால் அவரால் தாண்டிப் போக முடியாது. அச்சாபீஸ் வேலைக்கு மட்டும் இருந்த குணம் இல்லை அது. ஒருமுறை மாடவீதிப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். பலகையில் "தயிர் சதம்" என்று எழுதியிருந்தது. உட்காருவதற்கு முன்பே கல்லாவில் இருந்தவரிடம் போனார்.

"சார், சாதத்துக்குக் கால் இல்ல."

"சாதத்துக்கு ஏதும்மா காலு?" என்று அவர் இலைகளின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

சாக்பீஸ் வாங்கி, சகரத்துக்குப் பக்கத்தில் துணைக்கால் போட்டுவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தார். இன்னொரு தடவை, தெரிந்தவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் "மணமக்களை வாழ்த்தியருள" என்பது "வீழ்த்தியருள" என்று வந்துவிட்டது. சிவப்பு மையில் திருத்தி, பத்திரிகையைப் பெண்ணின் அப்பாவுக்கே தபாலில் அனுப்பிவிட்டார். மங்கல காரியத்தில் சிவப்பு மையால் கிறுக்கினாள் என்று அந்த மனிதர் வருஷக்கணக்கில் பேசவில்லை. "மிச்சப் பத்திரிகையையாவது திருத்திக் குடுத்தாரான்னு தெரியலையே" என்பதுதான் இவருடைய கவலை.

எங்கள் மிஷின்மேன் ஒருவர் இருந்தார், ஏழுமலை. ஒரு விழா மலரில் தலைப்பு தலைகீழாகப் பூட்டியிருந்ததை முதல் தாளிலேயே பார்த்துவிட்டு, நமக்கென்ன என்று ஐந்நூறு பிரதியையும் ஓட்டிவிட்டார்.

"நான் இன்னாம்மா பண்றது? பூட்னது நான் இல்லியே" என்றார்.

புரூஃபம்மா அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. என்னிடம் சொன்னார்: "தப்பு பண்ணினவங்களை விட்டுடலாம் அக்கா. பாத்துட்டுப் பேசாம இருந்தவங்களை எப்படி விடறது?"

புரூஃபம்மா இன்சூரன்ஸ் தேடி அலைந்தது, அவர் கை ஒடிந்ததில் ஆரம்பித்தது. மழையில் பஸ் படி வழுக்கி, வலது மணிக்கட்டு போயிற்று. பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். வலியில் முகம் வெளுத்திருந்தது. அந்த நிலையிலும் கையில் கொடுத்த சீட்டைப் படித்தார்.

"இடது கைன்னு எழுதியிருக்கு. மாத்திக் குடுங்க."

"கையைப் பாத்தா தெரியாதாம்மா எந்தக் கைன்னு?"

"கையைப் பாக்காம சீட்டைப் பாத்துக் கட்டுப் போட்டுட்டா? மாத்திக் குடுங்க."

மாற்றிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தார். ஆனால் கட்டுப் பிரிக்க இரண்டு மாதம் ஆயிற்று. இடது கையால் திருத்தப் பழகி அவர் மறுபடி வருவதற்குள், தி. நகர் அச்சாபீஸ் வேறு ஆளைப் பிடித்துவிட்டது. திரும்ப அங்கே வேலை வாங்க அவர் ரொம்ப நடக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் ஒரு பெண் இருந்தாள். அவள் கம்பெனி எல்லாச் செலவையும் கட்டியது. "நமக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று புரூஃபம்மா அன்றைக்குக் கேட்டார். கேட்டதோடு விடுகிறவர் இல்லை.

எங்கெங்கோ போய் நோட்டீஸ் வாங்கிவந்தார். புரூஃப் மேசையில் பரப்பி, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, எதில் என்ன உண்டு, எதில் என்ன இல்லை என்று எழுதினார். சின்ன எழுத்தில் அடியில் இருப்பதைத்தான் முதலில் படிப்பார். ஒரு ஏஜென்ட் வந்து, இறந்த பிறகு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்று ஒரு மணி நேரம் விளக்கினார்.

"எனக்கு அப்புறம் எனக்கு எதுக்கு சார் பணம்?" என்றார் இவர். "படுத்துக் கிடக்கும்போது வேணும். அதுக்கு ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

கம்பெனி ஆட்களுக்குச் சேர்த்துப் போடுகிற பாலிசி குறைந்த செலவில் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு ஒரு ஆபீசுக்குப் போனார். நானும் கூட இருந்தேன்.

"எந்தக் கம்பெனி நீங்க?"

"மூணு அச்சாபீஸ்."

"எதுல பர்மனென்ட்?"

"நான் பர்மனென்ட் சார். அச்சாபீஸ்தான் மாறிக்கிட்டே இருக்கும்."

அந்த ஆள் சிரித்து, ஒரு கடிதமாவது வாங்கிவரச் சொன்னார். எங்கள் முதலாளி நல்லவர்தான், ஆனால் கடிதம் என்றதும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். "உன்னை என் ஆளுன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு பி.எஃப். எங்கேன்னு கேப்பான்மா. வேற என்ன உதவி வேணும்னாலும் கேளு."

"வேற என்ன உதவி சார் கேக்கறது?" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டார்.

கடைசியில், தனி ஆளுக்கான ஆஸ்பத்திரி பாலிசி ஒன்று கோடு போட்ட தாளில் தேறியது. வருஷத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். அவரால் இழுத்துப் பிடித்துக் கட்டக்கூடிய தொகை. ஆனால் ஒரு சின்ன எழுத்து இருந்தது. நாற்பத்தாறு பிறந்துவிட்டால் தொகை ஏறிவிடும், ஏகப்பட்ட பரிசோதனையும் கேட்பார்கள். அவருக்குக் கார்த்திகையில் நாற்பத்தாறு பிறக்கிறது. அப்போது புரட்டாசி.

ஏஜென்ட் ஒருவர் கிடைத்தார். இரண்டு குழந்தைகளின் அப்பா. மொபெட்டில் வருவார், யாரைப் பார்த்தாலும் மேடம் என்பார். ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் அச்சாபீஸ் மாடிக்கே விண்ணப்ப ஃபாரத்தைக் கொண்டுவந்தார். முழுக்க இங்கிலீஷ். தமிழில் கிடையாதா என்று புரூஃபம்மா கேட்டுப் பார்த்தார், கிடையாது. அவருக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும், சுலபமான வார்த்தைகளும் தெரியும். ஏஜென்ட் தமிழில் கேட்டுக் கேட்டு எழுதுவது என்று முடிவாயிற்று.

"தொழில்னு கேட்டிருக்கான். ஹவுஸ்வைஃப்னு போட்டுடலாமா மேடம்? கேள்வி வராது."

"யாரோட வைஃப்?"

அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு முழித்தார்.

"எனக்குத் தொழில் இருக்கு சார். முதலாளிதான் இல்ல. அதை எப்படி எழுதறதோ அப்படி எழுதுங்க."

எழுதினார். வருமானத்துக்குச் சான்றாக மூன்று அச்சாபீஸ் வவுச்சர்களையும் புரூஃபம்மா எடுத்து வைத்தார். அவற்றை நூல் போட்டுத் தைத்து, அட்டை ஒட்டி, ஓரம் வெட்டிக் கொடுத்திருந்தது நான். ஏஜென்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புஸ்தகமாவே போட்டுட்டீங்களே!"

அடுத்தது நோய்கள். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து முதலாளி குரல் கொடுத்தார்.

"புரூஃபம்மா! மூலம் உன்கிட்டயா இருக்கு? ஆசிரியர் வந்து நிக்கிறாரு!"

அறுநூறு பக்கக் கோயில் வரலாறு ஒன்று முடிந்திருந்தது. எழுதியவர் தாள்களைத் திரும்ப வாங்க வந்திருந்தார். தாள்கள் புரூஃபம்மாவின் பையில் இருந்தன. "இதோ வரேன் சார்" என்று மாடிப்படியைப் பார்த்துச் சொன்னவர், பார்வையை அங்கேயே வைத்துக்கொண்டு ஏஜென்டுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

"சர்க்கரை?"

"இல்ல."

"பிரஷர்?"

"இல்ல."

"ஆஸ்துமா, காசம்?"

"இல்ல, இல்ல."

"மூலம்?"

"இருக்கு சார்."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா என்கிட்டத்தான் இருக்கு. உக்காந்து உக்காந்து இடுப்பே விட்டுப்போச்சு."

"உக்கார்ற வேலை இல்லையா மேடம், வரத்தான் செய்யும்" என்று ஏஜென்ட் இரக்கப்பட்டு ஒரு டிக் போட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. மாம்பலம் ஸ்டேஷன் சுவர் முழுக்க மூலம், பௌத்திரம் என்று வைத்தியர் விளம்பரம் எழுதியிருக்கும். தினமும் தலையைக் குனிந்துகொண்டு அதைத் தாண்டித்தான் வருவேன். அவர் கேட்ட மூலம் அந்த மூலம். ஆனால் முன்பின் தெரியாத ஒரு ஆம்பிளைக்கு எதிரில், "நீங்கள் கேட்டது அந்த வியாதியைத்தானே?" என்று நான் எப்படிக் கேட்பேன்? காது சுட்டது. டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் புரூஃபம்மா ஃபாரத்தை வாங்கி ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, விலாசம். டிக் போட்டிருந்த இடத்தில் நீளமாக ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அதன்மேல் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் போனார். "இவ்வளவு நீள வார்த்தையைத் தப்பில்லாம அச்சடிச்சிருக்காங்க, பாருங்க" என்று என்னிடம் மெச்சிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஏஜென்ட் போனதும் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தேன். மறுநாள், "நேத்தே ஏன் சொல்லல?" என்று கேட்பாரே என்றிருந்தது. ஏழுமலையோடு அவர் பேசாத அந்த மாதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு நாள் தள்ளிப்போட்டது ஐந்து வாரமாயிற்று.

கடிதம் ஐப்பசி மழையில் நனைந்து வந்தது. பிறந்த நாளுக்குப் பத்து நாள் இருந்தது. கட்டிய தொகை போதாது, முன்பே நோய் இருப்பதால் கூடுதலாகக் கட்ட வேண்டும், அந்த நோய்க்கும் அதைச் சார்ந்த எதற்கும் பணம் தரமாட்டோம், சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். அந்த நீள வார்த்தை அதிலும் இருந்தது. புரூஃபம்மா முதலாளியின் அகராதியை எடுத்துப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டிய கை அப்படியே நின்றது.

"எனக்கா? எனக்கு எப்போ வந்துது இது?"

ஏஜென்டுக்குப் போன் போட்டார்கள். மழைக்கோட்டில் நீர் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"நீங்கதான் மேடம் சொன்னீங்க."

"நானா?"

"இடுப்பு விட்டுப்போச்சுன்னு கூடச் சொன்னீங்களே மேடம்!"

"என் இடுப்பைப் பத்தி உங்ககிட்ட நான் எதுக்குச் சார் சொல்றேன்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "இந்தம்மா கூடத்தான் இருந்தாங்க. சொல்லுங்கம்மா, அவங்க சொன்னாங்களா இல்லையா?"

நான் தரையைப் பார்த்தேன். புரூஃபம்மா அதை என் சுபாவம் என்று எடுத்துக்கொண்டார். "அவங்களை எதுக்கு இழுக்கிறீங்க? நான் மேல எழுதறேன்."

"எழுதினீங்கன்னா எனக்கு ஏஜென்சியே போயிடும் மேடம்" என்று அந்த மனிதர் படியிறங்கும்போது இரண்டு முறை சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலமே புகார் எழுதி முடித்துவிட்டார். எதை எழுதினாலும் நகல் எடுத்து, என்னைப் படிக்கச் சொல்லி ஒத்துப் பார்க்காமல் அனுப்பமாட்டார். எழுதிய தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, நகலைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

நான் படிக்க ஆரம்பித்தேன். "மதிப்புக்குரிய அதிகாரி அவர்களுக்கு கமா. தங்கள் ஏஜென்ட் என் விண்ணப்பத்தில் கமா நான் சொல்லாத ஒரு நோயை…"

அதற்குமேல் வரவில்லை.

"சொல்லாத ஒரு நோயை?" என்றார் அவர், நகலைப் பார்த்தபடி.

"சொல்லாத…"

"எழுத்துப் புரியலையா அக்கா?"

"புரியுதும்மா. இது மட்டும் படிக்க வரலை. நீங்க சொன்னீங்கம்மா. அவரு மூலம்னு கேட்டாரு, நீங்க இருக்குன்னு சொன்னீங்க. நீங்க சொன்னது பையில இருந்த மூலம். அவரு கேட்டது இன்னொண்ணு."

கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அப்பவே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ஆம்பிளை எதிர்ல அந்த வார்த்தையை… வாயி வரலைம்மா. அப்புறம் பயமா பூடுச்சு."

என்னைப் பார்த்தார். நல்ல நேரம், கண்ணாடி இல்லாததால் என் முகம் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புகாரின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். வேறு தாள் எடுத்து எழுதி என் பக்கம் தள்ளினார்.

"படிங்க."

"அவர் கேட்டது நோயை கமா நான் சொன்னது கையெழுத்துத் தாள்களை புள்ளி. தவறு என்னுடையது புள்ளி."

"என்னையும் எழுதுங்கம்மா" என்றேன்.

"நாளைக்கு நந்தனம் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு வாங்க. உங்க வாயால சொல்லுங்க. எழுத்துல வேணாம்."

மறுநாள் போனோம். முதல் நாள் அதிகாரி இல்லை. இரண்டாம் நாள் மழையில் ஆபீஸ் பாதி காலி. மூன்றாம் நாள்தான் கூப்பிட்டார்கள். நீளமான ஹால், இரண்டு பக்கமும் மேசைகள். அதிகாரி கடிதத்தைப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"அப்போ கூட இருந்தது நீங்களாம்மா? என்ன நடந்தது, சொல்லுங்க."

சொன்னேன்.

"கேக்கல. சத்தமா சொல்லுங்க."

புரூஃபம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. நேரே சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். புத்தகம் படிக்கிற குரலில் ஆரம்பித்தேன். அந்தக் குரல் ஒன்றுதான் என்னிடம் உரக்க வரும். "எங்க அச்சாபீஸ்ல மூலம்னா எழுதினவங்க குடுக்கிற தாளு சார். இவங்க பையில இருந்தது அந்த மூலம். உங்க ஏஜென்ட் கேட்டது ஒடம்புல வர்ற மூலம். அவரு மேல தப்பில்ல. எனக்கு ரெண்டும் தெரியும். நான்தான் சொல்லாம வுட்டுட்டேன்." ஹாலில் டைப் அடிக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்.

அதிகாரி சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஃபாரத்தைப் பார்த்தார். "நம்பறேன்மா. ஆனா டிக் போட்டு, கையெழுத்தும் போட்டாச்சே. எங்க டாக்டர் ஒருத்தர் பாத்து, இல்லன்னு எழுதிக் குடுத்தா மாத்திடலாம். நாள் எத்தனை இருக்கு?"

"ஆறு."

டாக்டர்கள் பட்டியலைக் கொடுத்தார். பக்கத்தில் தி. நகரில் ஒருவர்தான். ஆண் டாக்டர். பக்கத்து மேசைக்காரர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "கேக்கற தொகையைக் கட்டிட்டுப் போயிடுங்களேன் மேடம். எதுக்கு இந்தச் சங்கடமெல்லாம்?"

"இல்லாத நோய்க்கு எதுக்கு சார் கட்டணும்?" என்றார் புரூஃபம்மா. "பாக்கட்டும்."

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கல்யாணமாகாத மனுஷி, நாற்பத்தைந்து வயது. காய்ச்சலுக்குக்கூட லேடி டாக்டரைத் தேடிப் போகிறவர். எல்லாம் நான் டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து மூடிய அந்த ஒரு நிமிஷத்தால். திரும்பிப் போய்விடலாம், கூடுதல் தொகையை மாதாமாதம் நான் கொடுக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "டிக்கெட் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டு அடக்கிவிட்டார்.

கிளினிக்கில் நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். புரூஃபம்மா எழுந்து, தோளில் இருந்த பையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். புதிதாக வந்த நாவல் ஒன்று அதில் இருந்தது.

"பத்திரம் அக்கா. உள்ள மூலம் இருக்கு."

நர்ஸ் பேனாவும் கையுமாக நிமிர்ந்தாள். "மூலம் உள்ளயா இருக்கு? அப்போ இருக்குன்னே எழுதிடவாம்மா?"

முதலில் சிரித்தது புரூஃபம்மாதான். அப்படி ஒரு சிரிப்பு நான் கேட்டதே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பையைக் கட்டிக்கொண்டு நானும் சிரித்தேன். காத்திருந்தவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். சிரித்து முடித்து, முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டு, நிமிர்ந்து உள்ளே போனார்.

வெளியே வரும்போது கையில் சான்று இருந்தது. வாசல் வெளிச்சத்தில் நின்று படித்தவர், திரும்பவும் உள்ளே போனார். அவருடைய இனிஷியல் தப்பாக இருந்ததாம். டாக்டர் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகே கிளம்பினோம். அன்று மாலைக்குள் சான்று நந்தனம் போய்ச் சேர்ந்தது. பிறந்த நாளுக்கு மூன்று நாள் முன்னால், பழைய தொகைக்கே பாலிசி வந்தது. ஏஜென்ட் மொபெட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். தொழில் என்ற இடத்தில் சொந்தத் தொழில், பிழை திருத்துபவர் என்பது இங்கிலீஷில் அச்சாகியிருந்தது. அச்சில் அவரைப் பற்றி நான் பார்த்தது அந்த ஒரு வரிதான். நான்கு வருஷம் கழித்துப் பித்தப்பையில் கல் வந்து அடையாறில் அறுத்தபோது, அந்தக் காகிதம்தான் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொன்னது.

ஆனால் பாலிசி வந்த அன்று அவர் அதைப் பற்றி நிறையப் பேசவில்லை. பையில் வைத்துவிட்டு, "வாங்க, ஃபாரம் காத்துக்கிட்டிருக்கு" என்றார். நாவலின் முதல் ஃபாரம். பதினாறு பக்கமும் படித்தேன். கடைசிப் பக்கத்தின் கீழே, அச்சுக்குப் போகலாம் என்பதற்கு அடையாளமாக எப்போதும்போல் அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளி, சிவப்புப் பேனாவையும் வைத்தார்.

"நீங்களும் போடுங்க."

"நான் எதுக்கும்மா? நான் படிக்கிறவதானே?"

"பாத்தது ரெண்டு பேரு. தப்பு வந்தா ரெண்டு பேரையும் கேக்கட்டும்."

அவர் பெயருக்குப் பக்கத்தில் என் இனிஷியலையும் பெயரையும் எழுதி, தாளைத் திருப்பிக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் பார்த்தார்.

"இனிஷியலுக்குப் புள்ளி வெக்கல அக்கா."

வாங்கி வைத்தேன்.